டீலர் பெட்டியா, வெளிக்கடைச் சரக்கா: பைக் உதிரிபாகம் வாங்கும் முன் போட வேண்டிய கணக்கு

ஒரே வண்டியின் ஒரே பாகத்துக்கு டீலர் ஒரு விலை சொல்வார், வெளியே உதிரிபாகக் கடையில் அதில் பாதி சொல்வார்கள். சில பாகங்களில் வித்தியாசம் மூன்று மடங்குக்கும் போகும். இதைப் பார்த்ததும் பலரும் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். "கம்பெனி பேருக்குத்தான் இவ்வளவு காசு" என்று எல்லாவற்றையும் வெளியே வாங்குகிறவர்கள் ஒரு சாரார். "ஒரிஜினல் தவிர எதையும் வண்டியில் ஏற்ற மாட்டேன்" என்பவர்கள் இன்னொரு சாரார். இரண்டாவது கூட்டம் வீணாகப் பணத்தை இழக்கிறது. முதல் கூட்டம் சில நேரம் அதைவிடப் பெரியதை இழக்கிறது.

கடையைப் பார்த்து எடுக்கிற முடிவு இது இல்லை என்பதே என் எண்ணம். ஒவ்வொரு பாகத்துக்கும் தனித்தனியாக மூன்று விஷயங்களைக் கேட்டுக்கொள்ள வேண்டும். இதை உண்மையில் செய்தது யார்? ஓடும்போது இது கைவிட்டால் என்ன நடக்கும்? இதை மாற்ற வண்டியை எவ்வளவு பிரிக்க வேண்டும்? விலையை இவற்றுக்குப் பிறகு பார்த்தால் போதும். அப்படிப் பார்க்கும்போது, ஒரே சர்வீஸில் செயினை வெளியிலும் ஆயில் சீலை டீலரிடமும் வாங்குவதுதான் சரியான முடிவாக வரும்.

பெட்டிக்குள் இருப்பது யாருடைய சரக்கு

பைக் கம்பெனிகள் தங்கள் வண்டியின் எல்லாப் பாகங்களையும் தாங்களே செய்வதில்லை. எஞ்சின் வார்ப்பு, கிராங்க், சேஸிஸ் போன்றவை பெரும்பாலும் அவர்களுடைய பொறுப்பு. மற்றவற்றை அந்தந்தத் தொழிலில் ஊறிய நிறுவனங்களிடம் வாங்கிப் பூட்டுகிறார்கள். முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கும் ஷாக் அப்சார்பரும் ஷோவா, கேஒய்பி போன்றவர்களிடமிருந்து வரும். பிரேக்குக்கு நிஸ்ஸின், டொகிகோ, பிரெம்போ. கார்புரேட்டருக்கும் எரிபொருள் இன்ஜெக்‌ஷனுக்கும் கெய்ஹின், மிகுனி. ஸ்பார்க் பிளக் என்ஜிகே அல்லது டென்சோ. செயின் டிஐடி, ஆர்கே. பேரிங் என்எஸ்கே, என்டிஎன், எஸ்கேஎஃப். பேட்டரிக்குப் போகும் மின்சாரத்தைச் சீராக்கும் ரெகுலேட்டர் ரெக்டிஃபையர் பல ஜப்பானிய வண்டிகளில் ஷிண்டெங்கென். இவர்களில் பலர் அதே தொழிற்சாலையிலிருந்து, தங்கள் பெயர் போட்ட சொந்தப் பெட்டியிலும் பாகங்களை விற்கிறார்கள். பெயர்களும் காலத்தோடு மாறுகின்றன. கெய்ஹின், ஷோவா, நிஸ்ஸின் மூன்றும் 2021 ஜனவரியில் ஹிட்டாச்சியின் வாகனப் பிரிவோடு இணைந்து ஹிட்டாச்சி அஸ்டெமோ ஆயின. என்ஜிகே நிறுவனம் 2023-இல் நிட்டெரா என்று பெயர் மாற்றிக்கொண்டது. பிளக்கில் மட்டும் பழைய பெயரே நிற்கிறது. பெட்டியில் புதுப் பெயரைப் பார்த்ததும் போலி என்று ஒதுக்கிவிட வேண்டாம்.

ஆகவே "ஒரிஜினல், லோக்கல்" என்ற இரட்டைப் பிரிவு போதாது. சந்தையில் ஐந்து வகைச் சரக்கு கிடக்கிறது. முதலாவது, வண்டிக் கம்பெனியின் பெட்டியில் டீலர் விற்பது. அடுத்தது, அதே பாகத்தைச் செய்துகொடுத்த நிறுவனம் தன் பெட்டியில் விற்பது. பிறகு, வண்டிக் கம்பெனிக்குச் செய்துகொடுக்காவிட்டாலும் அந்தப் பாகத்தையே பிழைப்பாகக் கொண்ட பெயர்பெற்ற நிறுவனங்கள்: பிரேக் பேடில் ஈபிசி, எஸ்பிஎஸ், ஃபெரோடோ, ஸ்ப்ராக்கெட்டில் ஜேடி, ஆயில் ஃபில்டரில் ஹைஃப்ளோஃபில்ட்ரோ, பிஸ்டனில் வைசெகோ, கேஸ்கெட்டில் அதெனா. நான்காவது, ஊர் பேர் தெரியாத நகல். ஐந்தாவது, நல்ல பெயரைத் திருடி அச்சடித்த போலி. டீலர் விலைக்கும் வெளி விலைக்கும் உள்ள வித்தியாசத்தைப் பேசுகிறவர்கள் பின்னால் சொன்ன நான்கையும் ஒரே மூட்டையில் கட்டிவிடுகிறார்கள். தரம் குறையாமல் விலை இறங்குவது முதலாவதிலிருந்து இரண்டாவதுக்கு வரும்போதுதான். மூன்றாவதில் ஏற்ற இறக்கம் உண்டு. சில இடங்களில் டீலர் சரக்கை விடவும் மேலானது கிடைக்கும். நான்காவதிலும் ஐந்தாவதிலும் விலை குறைவதோடு உலோகமும் ரப்பரும் சேர்ந்தே குறைகின்றன.

இதில் ஒரு எச்சரிக்கை உண்டு. ஒரே தொழிற்சாலை என்பதால் ஒரே சரக்கு என்று ஆகிவிடாது. வண்டிக் கம்பெனி தனக்கென்று ஒரு பிரேக் பேட் கலவையையோ, ஷாக்குக்குள் ஒரு வால்வு அமைப்பையோ கேட்டு வாங்கியிருக்கலாம். செயின் போன்ற தரப்படுத்தப்பட்ட பாகத்தில் இந்தச் சந்தேகம் குறைவு. தனி மாடலுக்கென்று வடிவமைத்த பாகத்தில் அதிகம்.

டீலர் விலை ஏன் ஏறுகிறது என்பதற்கும் நியாயம் பார்க்க வேண்டும். ஒரு மாடலுக்கு ஆயிரக்கணக்கான பாக எண்கள். அவற்றில் பெரும்பாலானவை மாதக்கணக்கில் நகராது. உற்பத்தி நின்ற பிறகும் ஆண்டுக்கணக்கில் கிடங்கில் வைத்திருக்க வேண்டும். வண்டியோடு சேர்த்துச் சோதித்த செலவும், பழுதானால் பொறுப்பேற்கும் செலவும் அந்த விலைக்குள் இருக்கின்றன. வெளிக் கம்பெனி வேகமாக விற்கும் பாகங்களை மட்டும் பொறுக்கி எடுத்துச் செய்கிறது. அதனால்தான் பிரேக் பேடும் ஃபில்டரும் செயினும் வெளியே மலிவாகக் கிடைக்க, ஏதோ ஒரு மூலையில் இருக்கும் பிராக்கெட் டீலரிடம் மட்டுமே கிடைக்கிறது.

பலரும் கவனிக்காத இன்னொன்று: டீலர் விலை எப்போதும் அதிகம் என்று நினைப்பதே தவறு. வடிகால் போல்ட்டின் வாஷர், ஓ-ரிங், கிளிப், ரப்பர் புஷ், கேபிள் போன்ற சில்லறைப் பாகங்கள் டீலரிடம் வெளியே கிடைக்கும் 'கிட்'டை விட மலிவாக இருப்பதுண்டு. கேட்காமலே "அங்கே அதிகமாகத்தான் இருக்கும்" என்று திரும்பி வருகிறார்கள். டீலர் விலை உண்மையில் கடிப்பது, ஒரு சின்னப் பாகத்துக்காக முழு அசெம்பிளியை வாங்கச் சொல்லும்போது. த்ராட்டில் பாடியில் ஒரு சென்சார் போனால், அந்தச் சென்சாரைத் தனியாக விற்காமல் முழு த்ராட்டில் பாடியையே விற்கும் கம்பெனிகள் உண்டு. அந்த இடத்தில் வெளிச்சந்தையைத் தேடுவது முழுக்க நியாயம்.

முதலில் பாக எண்

விலை கேட்கும் முன் கையில் இருக்க வேண்டியது பாக எண். "இன்ன வருஷத்து இன்ன பைக்குக்குக் கிளட்ச் பிளேட்" என்று கேட்டால் கடைக்காரர் தன்னிடம் இருப்பதைக் கொடுப்பார். கம்பெனியின் பாகப் பட்டியலில், பிரித்துப் போட்ட படத்தோடு, ஒவ்வொன்றுக்கும் எண் இருக்கும். ஹோண்டாவின் எண்ணில் நடுவில் வரும் மூன்று எழுத்துகள் அந்தப் பாகம் எந்த மாடலுக்காக முதலில் உருவானது என்று சொல்லும். யமஹாவில் அந்த வேலையை முதல் மூன்று எழுத்துகள் செய்யும். உங்கள் வண்டியின் ஸ்விட்சோ கேபிளோ வேறொரு மாடலுக்குச் செய்தது என்று தெரிந்துவிட்டால், அந்த மாடலின் பெயரில் தேடலாம். விற்பனை அதிகமான மாடல் என்றால் பாகமும் எளிதில் கிடைக்கும். சில எண்கள் கைவிடப்பட்டு வேறு எண் வந்திருக்கும். கம்பெனியே குறையைக் கண்டு திருத்தியதால் அப்படி மாறுவதும் உண்டு. வெளி நகல்கள் பழைய வடிவத்தைப் பார்த்துச் செய்யப்பட்டிருந்தால் அந்தத் திருத்தம் அதில் இருக்காது.

எண்ணை வைத்து ஒப்பிடும்போது சில உண்மைகள் வெளியே வரும். ஹோண்டா, யமஹா, கவாசாகி, ட்ரையம்ஃப் நான்கும் தங்கள் பல மாடல்களில் 20×1.5 மி.மீ. மரை கொண்ட ஒரே அளவு ஆயில் ஃபில்டரைப் பயன்படுத்துகின்றன. நான்கு டீலரிடமும் நான்கு எண், நான்கு விலை. வெளியே ஹைஃப்ளோஃபில்ட்ரோவில் அது ஹெச்எஃப்204 என்ற ஒரே எண். ஃபில்டர் மாற்றும் கூலியும் சொற்பம், மாற்றும் இடைவெளியும் குறுகியது. பெயர்பெற்ற கம்பெனி ஃபில்டரை வெளியே வாங்குவதில் எனக்குத் தயக்கமே இல்லை. பெயரில்லாத ஃபில்டரைத் தொட மாட்டேன். உள்ளே இருக்கும் காகிதத்தின் பரப்பும் பைபாஸ் வால்வின் ஸ்பிரிங்கும் வெளியிலிருந்து தெரியாது. கெட்டால் எஞ்சின் முழுவதும் அதன் செலவைக் கட்டும்.

உலகமே ஒரே அளவில் செய்யும் பாகங்கள்

பேரிங்கில் டீலர் விலை கொடுப்பதற்குக் காரணம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. சக்கரத்தில் இருக்கும் பேரிங்கின் பக்கவாட்டில் 6204 என்று பொறித்திருந்தால், உலகின் எந்த மூலையிலும் அது உட்துளை 20, வெளிவிட்டம் 47, அகலம் 14 மி.மீ.தான். கடைசி இரண்டு இலக்கத்தை ஐந்தால் பெருக்கினால் உட்துளை கிடைக்கும். 04-இலிருந்து இந்தக் கணக்கு பொருந்தும். 03 என்றால் 17, 02 என்றால் 15, 01 என்றால் 12. எண்ணுக்குப் பின்னால் 2ஆர்எஸ் என்று இருந்தால் இரு பக்கமும் ரப்பர் மூடி. சி3 என்றால் உள் இடைவெளி சற்று அதிகம். இந்தப் பின்னொட்டுகளையும் அப்படியே பார்த்து வாங்க வேண்டும். என்எஸ்கே, என்டிஎன், எஸ்கேஎஃப் எதுவாக இருந்தாலும், பேரிங் மட்டுமே விற்கும் நம்பகமான கடையில் வாங்கினால் டீலரிடம் கிடைப்பதற்கு ஒரு படியும் குறையாது. பேரிங்கில் போலி மிக அதிகம். எஸ்கேஎஃப் தன் சரக்கு அசலா என்று சரிபார்க்கவே ஒரு செயலி வைத்திருக்கிறது. ஹேண்டில் திரும்பும் இடத்தில் இருக்கும் பேரிங்கான கோன் செட் மட்டும் இந்தக் கணக்கில் வராது. பல வண்டிகளில் அது அந்த மாடலுக்கே உரிய அளவு.

செயினும் அப்படியே. 428, 520, 525, 530 என்ற எண்களில் முதல் இலக்கம் ஒரு கண்ணிக்கும் அடுத்ததுக்கும் உள்ள தூரம், அங்குலத்தில் எட்டில் எத்தனை பங்கு என்பது. 4 என்றால் 12.7 மி.மீ., 5 என்றால் 15.875 மி.மீ. மற்ற இரண்டு இலக்கம் அகலத்தைக் குறிக்கும். இந்த எண்ணும் கண்ணிகளின் எண்ணிக்கையும் பொருந்தினால் டிஐடியோ ஆர்கேயோ ரெஜினாவோ வெளியே வாங்கலாம். பணம் சேமிக்க இடம் கிடைத்தால், அந்த மிச்சத்தில் கண்ணிக்குள் கிரீஸ் தங்க வட்ட ரப்பர் வளையம் போட்ட ஓ-ரிங் செயினுக்குப் பதில், எக்ஸ் வடிவ வளையம் போட்ட எக்ஸ்-ரிங் செயின் வாங்குவதே புத்திசாலித்தனம். உராய்வு குறைவு, ஆயுள் கூடுதல். செயின் தேய்ந்ததா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல வேண்டாம், அளக்கலாம். 15.875 மி.மீ. செயினை இழுத்துப் பிடித்து 20 கண்ணி அளந்தால் புதிதில் 317.5 மி.மீ. வரும். கம்பெனிக் கையேடுகள் சில 319.4-இலும் சில 323-இலும் மாற்றச் சொல்கின்றன. மாற்றும்போது முன் ஸ்ப்ராக்கெட், பின் ஸ்ப்ராக்கெட் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். தேய்ந்த பல்லில் புதுச் செயினை ஓட்டினால் அதன் ஆயுளில் பெரும்பகுதி வீணாகிவிடும். வெளியே வாங்கும் ஸ்ப்ராக்கெட்டில் எஃகு, அலுமினியம் இரண்டும் உண்டு. தினசரி ஓட்டத்துக்கு எஃகு. அலுமினியம் லேசாக இருக்கும், சீக்கிரம் தேயும்.

ஸ்பார்க் பிளக்கை டீலரிடம் வாங்கினாலும் வெளியே வாங்கினாலும் பெட்டிக்குள் இருப்பது பெரும்பாலும் என்ஜிகே அல்லது டென்சோதான். கவனம் எண்ணில் வேண்டும். சிஆர்8இ என்றால் சி என்பது 10 மி.மீ. மரை, ஆர் உள்ளே ரெசிஸ்டர் இருக்கிறது என்பது, 8 வெப்ப எண், இ என்பது மரையின் நீளம் 19 மி.மீ. என்ஜிகேயில் வெப்ப எண் ஏற ஏற பிளக் குளிர்ச்சியானது, அதாவது சூட்டை வேகமாக வெளியே விடும். சாம்பியனில் நேர் எதிர். கம்பெனி மாற்றி வாங்கும்போது இந்தத் திசையைக் கவனிக்காமல் எண்ணை மட்டும் பொருத்தினால் எஞ்சின் சூட்டில் அடிபடும். மரை நீளம் தவறினால் பிஸ்டன் வந்து பிளக்கில் மோதவும் கூடும். பிளக்கிலும் போலி ஏராளம். விலை நம்ப முடியாத அளவுக்குக் குறைவாக இருந்தால் அந்த விலையை நம்ப வேண்டாம்.

பேட்டரி, டயர், பல்பு, பிரேக் ஆயில், எஞ்சின் ஆயில் எல்லாம் இதே குடும்பம். பேட்டரியில் ஒய்டிஎக்ஸ்9-பிஎஸ் போன்ற எண்ணைப் பார்த்து வாங்கினால் அளவும் முனையின் பக்கமும் பொருந்தும். டயரின் பக்கவாட்டில் வாரமும் ஆண்டுமாக நான்கு இலக்கம் இருக்கும். விலை குறைவான டயர் கடையின் மூலையில் எத்தனை ஆண்டு கிடந்தது என்று அது காட்டிக்கொடுக்கும். பிரேக் ஆயிலில் டாட் 4 என்றால் புதிதில் குறைந்தபட்சக் கொதிநிலை 230 டிகிரி செல்சியஸ். பிரேக் ஆயில் தொட்டியின் மூடியில் கேட்டிருக்கும் தரத்துக்குக் குறையாமல் போட வேண்டும். டாட் 5 சிலிகான் வகை, அதை மற்றவற்றோடு கலக்கவே கூடாது. எஞ்சின் ஆயிலில் கம்பெனி முத்திரை முக்கியமில்லை. கிளட்ச் ஆயிலிலேயே நனைந்து ஓடும் வண்டிக்கு ஜப்பானியத் தரமான ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 குறி இருக்கிறதா, கையேடு சொன்ன கெட்டித்தன்மை இருக்கிறதா என்பது போதும்.

பிரேக்

இங்கே விலையைக் கடைசியில்தான் பேச வேண்டும். அதற்காக டீலர் பேடைத் தவிர வேறு வழி இல்லை என்றும் ஆகிவிடாது. பிரேக் பேட் செய்வதில் பல பத்தாண்டு அனுபவம் உள்ள வெளிக் கம்பெனிகளின் பேட், டீலர் பேடைவிட நன்றாகப் பிடிப்பதும் உண்டு, விலையும் குறைவு. அவர்களுடைய சரக்கைத் தெரிந்துகொள்ள பேடின் முதுகில் இருக்கும் இரண்டு எழுத்தைப் பாருங்கள். முதல் எழுத்து சாதாரணச் சூட்டில் உள்ள உராய்வு, இரண்டாவது நன்றாகச் சூடேறியபின் உள்ளது. எஃப் என்றால் உராய்வுக் குணகம் 0.35-இலிருந்து 0.45 வரை, ஜி என்றால் 0.45-இலிருந்து 0.55 வரை, ஹெச் என்றால் 0.55-க்கு மேல். ஜிஜி பேடுக்குப் பதில் ஹெச்ஹெச் போட்டால் பிடி கூடும். ஆனால் அது பெரும்பாலும் உலோகத்தூளை அழுத்திச் சுட்ட சின்டர்டு வகை. வண்டியில் இருக்கும் டிஸ்க் அதற்கு ஏற்றதா என்று பார்க்க வேண்டும். நாரும் பிசினும் கலந்த மென்மையான ஆர்கானிக் பேடுக்கென்று செய்த டிஸ்க்கைச் சின்டர்டு பேட் சீக்கிரம் அரித்துவிடும். பேடில் மிச்சம் பிடித்த பணம் டிஸ்க்கில் போகும்.

ஐரோப்பிய ஒழுங்குமுறையான ஈசிஇ ஆர்90 முத்திரை இருந்தால், அந்தப் பேட் அசல் பேடின் செயல்திறனோடு ஒப்பிட்டுச் சோதிக்கப்பட்டது என்று பொருள். வெளியே பேட் வாங்குகிறவருக்கு எனக்குத் தெரிந்த மிக எளிய சல்லடை இதுதான். இந்த முத்திரையும் இல்லை, உராய்வு எழுத்தும் இல்லை, கம்பெனிப் பெயரும் இல்லை என்றால் எவ்வளவு மலிவானாலும் வேண்டாம். மட்டமான பேடில் உராய்வுப் பொருள் தகட்டிலிருந்து மொத்தமாகக் கழன்று விழுவது வெறும் கற்பனை இல்லை. டிரம் பிரேக் ஷூவிலும் லைனிங் அப்படியே உரிந்து, டிரம்முக்கும் ஷூவுக்கும் நடுவே சிக்கிச் சக்கரத்தைப் பூட்டும்.

டிஸ்க்கில் இன்னும் கவனம் வேண்டும். ஏபிஎஸ் வண்டியென்றால் டிஸ்க்கின் அளவோடு சென்சார் வளையம் அமரும் இடமும் பொருந்த வேண்டும். மாஸ்டர் சிலிண்டர் கிட், பேடை டிஸ்க்கில் அழுத்தும் காலிப்பரின் சீல், பிரேக் ஹோஸ் ஆகியவற்றில் நான் டீலர் அல்லது பிரேக்கைச் செய்த அதே கம்பெனி என்ற வரம்பைத் தாண்ட மாட்டேன். டிஸ்க் போல்ட்டை வன்பொருள் கடையில் தேடக்கூடாது. டீலரிடம் அதன் விலை வெளியே உள்ளதைவிட எவ்வளவு கூடினாலும், மொத்தச் செலவில் அது ஒரு துளி.

பிரேக் லீவர் சாதாரணப் பாகமாகத் தோன்றும். கீழே விழுந்து உடைந்தால் யாரும் முதலில் மலிவானதைத்தான் தேடுவார்கள். லீவரின் உள் முனை மாஸ்டர் சிலிண்டர் பிஸ்டனைத் தொடும் இடத்தில் சிறு இடைவெளி இருக்க வேண்டும். நகல் லீவரில் அந்த முனை கொஞ்சம் நீண்டிருந்தால் பிஸ்டன் முழுதும் பின்னால் வராது. ஓட்ட ஓட்ட ஆயில் சூடாகி விரியும், பேட் டிஸ்க்கை விடாது, கடைசியில் சக்கரம் தானாகப் பிடித்துக்கொள்ளும். வெளி லீவர் போட்டால் கையை விட்டபின் சக்கரம் தாராளமாகச் சுற்றுகிறதா என்று, வண்டியைக் கொஞ்ச நேரம் ஓட்டிய பிறகும் பார்க்க வேண்டும்.

பாகத்தைவிடக் கூலி பெரிதாக இருக்கும் இடம்

விலை ஒப்பீட்டில் பெரும்பாலோர் தவறுவது இங்கேதான். ஃபோர்க் ஆயில் சீலை எடுத்துக்கொள்வோம். கணக்குக்காக, வெளியே சீலின் விலை 1 பங்கு, டீலரிடம் 3 பங்கு என்று வைப்போம். மூன்று மடங்கு! ஆனால் அதை மாற்ற முன் சக்கரம், காலிப்பர், மட்கார்டு எல்லாம் கழற்றி, ஃபோர்க்கை வெளியே எடுத்து, ஆயிலை வடித்துப் புதிது ஊற்ற வேண்டும். கூலியும் ஆயிலும் சேர்த்து 12 பங்கு என்றால், வெளிச் சீலோடு மொத்தம் 13, டீலர் சீலோடு 15. மூன்று மடங்கு என்று தெரிந்த வித்தியாசம் இப்போது ஏழில் ஒரு பங்குக்கும் கீழே வந்துவிட்டது. வெளிச் சீல் பாதிக் காலத்தில் கசிந்தால் மறுபடியும் ஒரு 13. மொத்தம் 26. கசிந்த ஆயில் பிரேக் பேடில் இறங்கினால் அதுவும் போச்சு.

சீலில் 41×54×11 என்று அளவு பொறித்திருக்கும். அளவு பொருந்தினாலும் ரப்பரின் தரமும் உதட்டின் வடிவமும் பொருந்தியதாகிவிடாது. பல ஜப்பானிய ஃபோர்க்குகளில் சீல் என்ஓகே நிறுவனத்துடையது. அதே என்ஓகே சீல் தனியாகக் கிடைத்தால் அதை வாங்கலாம். இல்லையென்றால் டீலர்.

இதே தராசில் எஞ்சினுக்குள் போகும் எதையும் வைத்துப் பாருங்கள். ஹெட் கேஸ்கெட், வால்வு சீல், கேம் செயின், டென்ஷனர், கிராங்க் ஆயில் சீல் இவற்றில் பாகத்தின் விலையை எஞ்சின் இறக்கும் கூலி விழுங்கிவிடும். கேம் செயின் அறுந்தால் பிஸ்டனும் வால்வும் மோதி ஹெட் முழுதும் போகலாம். இந்த இடங்களில் நான் டீலரிடம் போவேன், அல்லது அந்தக் கம்பெனிக்கே கேம் செயின் செய்துகொடுப்பவரின் பெட்டியை வாங்குவேன். பெயரில்லாத 'முழு கேஸ்கெட் செட்' விலையில் கவர்ச்சியாக இருக்கும். அதில் இருக்கும் பாதிக் கேஸ்கெட் உங்கள் வேலைக்குத் தேவைப்படாது. தேவைப்படும் இரண்டு மூன்றின் தடிமனோ அசலுக்கு ஒத்துப்போகாமல் இருக்கும். வேண்டிய கேஸ்கெட்டை மட்டும் எண் சொல்லி டீலரிடம் வாங்கினால் செலவு அருகருகேதான் வரும்.

தேய்ந்த சிலிண்டரைக் கடைந்து அகலமாக்கி, அதாவது போர் போட்டு, ஓவர்சைஸ் பிஸ்டன் ஏற்றும்போது 0.25, 0.50 மி.மீ. என்று படிப்படியாக அளவு உண்டு. பிஸ்டனைக் கையில் வாங்கி, அதை அளந்த பிறகே சிலிண்டரைப் போர் போடக் கொடுக்க வேண்டும். வைசெகோ போன்றவர்களின், அடித்து உருவாக்கிய ஃபோர்ஜ்டு பிஸ்டன் வார்ப்புப் பிஸ்டனைவிடச் சூட்டில் அதிகம் விரியும். அதற்கு இடைவெளியும் அதிகம் வேண்டும். டீலர் பிஸ்டனுக்குச் சொன்ன அளவில் போர் போட்டு இதை ஏற்றினால் பிடித்துக்கொள்ளும்.

கிளட்ச் பிளேட் நடுவில் நிற்கிறது. கவரை மட்டும் கழற்றினால் போதும், கூலி மிதமானது. கிளட்ச்சில் பெயர்பெற்ற வெளிக் கம்பெனிகள் இருக்கிறார்கள், விலையும் நன்றாகக் குறையும். ஸ்பிரிங்கையும் அவர்களிடமே வாங்கும்போது அது அசலைவிடக் கடினமானதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். லீவர் கல்லாக இறுகி, நெரிசலில் கை வலிக்கும்.

மின்சாரப் பாகங்கள்

நகல் மிக அழகாக இருந்து மிக மோசமாக வேலை செய்யும் இடம் இது. ரெகுலேட்டர் ரெக்டிஃபையரை வெளியிலிருந்து பார்த்தால் எல்லாமே ஒரே அலுமினியக் கட்டி. உள்ளே என்ன சில்லு, எவ்வளவு மின்னோட்டம் தாங்கும் என்று தெரியாது. ஷிண்டெங்கெனின் எஃப்ஹெச்020ஏஏ என்ற மாஸ்ஃபெட் வகை ரெகுலேட்டர் நன்றாக உழைக்கிறது என்று பலரும் மற்ற வண்டிகளில் மாற்றிப் பூட்ட ஆரம்பித்தார்கள். விளைவு, அதே எண்ணைப் பொறித்த போலிகள் சந்தையை நிறைத்தன. மட்டமான ரெகுலேட்டர் சும்மா சாகாது. மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தாமல் விட்டு பேட்டரி, பல்பு, எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியான இசியூ என்று வரிசையாகக் கூட்டிக்கொண்டு போகும். வெளியே வாங்கிப் பூட்டினால் எஞ்சினை நடுத்தர வேகத்தில் ஓடவிட்டு பேட்டரி முனையில் அளந்துவிடுங்கள். ஏறக்குறைய 13.5-இலிருந்து 14.5 வோல்ட் வரை இருக்க வேண்டும். 15-ஐத் தாண்டினால் உடனே கழற்றுங்கள்.

இன்ஜெக்‌ஷன் வண்டியின் சென்சார்களில் கூலி குறைவு, ஆனால் நேர விரயம் பயங்கரம். நகல் சென்சார் முழுக்கச் செத்திருந்தால் கண்டுபிடித்துவிடலாம். கொஞ்சம் பொய்யான அளவைச் சொல்லிக்கொண்டிருந்தால், கோளாறு எங்கே என்று தேடித் தேடி நல்ல பாகங்களையும் மாற்ற வேண்டியிருக்கும். டென்சோ, கெய்ஹின், மிகுனி பெயரில் தனியாகக் கிடைத்தால் நல்லது. இல்லையேல் டீலர் விலையைக் கொடுத்துவிடுவது மலிவு.

தோற்றப் பாகங்களும் மற்றவையும்

கண்ணாடி, இண்டிகேட்டர், கிரிப், ஃபுட்ரெஸ்ட் ரப்பர் எல்லாம் தாராளமாக வெளியே வாங்கலாம். கண்ணாடியில் ஒன்றே ஒன்று: பெரும்பாலும் 10 மி.மீ. மரைதான், யமஹாவில் வலது பக்கம் மட்டும் இடது மரை. வண்டியை மூடும் பிளாஸ்டிக் உறையான ஃபேரிங்கை டீலரிடம் கேட்டால் மலைப்பாகத்தான் இருக்கும். நகல் ஃபேரிங்கில் துளைகள் சரியாக வராமல் இழுத்துப் பூட்டும்போது விரிசல் விடும். விழுந்து நொறுங்கிய வண்டிக்கு, பழைய வண்டியிலிருந்து கழற்றிய அசல் ஃபேரிங்கை வாங்கிப் பெயிண்ட் அடிப்பதே என் தேர்வு. ஹெட்லைட் முழு அசெம்பிளி வாங்கும்போது ஒளி எங்கே விழுகிறது என்பது கண்ணாடியின் வார்ப்பில் இருக்கிறது. வட்டத்துக்குள் ஈ என்ற ஒப்புதல் குறி இல்லாததை வாங்கினால் எதிரே வருகிறவரின் கண் கூசும், உங்களுக்கு வழி தெரியாது.

ஏர் ஃபில்டரின் காகிதத்தைவிட அதன் ஓரம் முக்கியம். பெட்டியில் அமரும் விளிம்பு ஒரு இடத்தில் தூக்கி நின்றாலும் தூசி நேராக உள்ளே போய் ரிங்கைத் தேய்க்கும். வெளி ஃபில்டரை அசலின் மேல் வைத்துப் பார்த்து, விளிம்பு ஒன்றுபோல இருந்தால் மட்டும் போடுங்கள்.

வாரண்டியில் இருக்கும் வண்டிக்கு வெளிப் பாகம் போட்டால் வாரண்டி போய்விடும் என்று டீலர் சொல்வது எல்லா நாட்டிலும் சட்டமாக நிற்காது. அமெரிக்காவில் 1975-ஆம் ஆண்டின் மேக்னுசன்-மாஸ் சட்டம், குறிப்பிட்ட கம்பெனிப் பாகத்தை இலவசமாகத் தராமல் அதையே போட வேண்டும் என்று வாரண்டிக்கு நிபந்தனை வைப்பதைப் பொதுவாகத் தடுக்கிறது. வேறு நாட்டில் இருப்பவர்கள் வாரண்டித் தாளையும் தங்கள் நாட்டுச் சட்டத்தையும் படித்துத்தான் ஆக வேண்டும். எங்கிருந்தாலும் பில்லையும் காலிப் பெட்டியையும் வைத்திருங்கள். கழற்றிய பழைய பாகத்தைப் புதியது ஒழுங்காக ஓடும் வரை தூக்கிப் போடாதீர்கள். ஒப்பிட்டுப் பார்க்க அதைவிட நல்ல மாதிரி கிடைக்காது.

உற்பத்தி நின்ற மாடலை வைத்திருப்பவர்களுக்கு மட்டும் இந்த வரிசை தலைகீழாகும். அவர்கள் டீலரிடம் இன்னும் கிடைப்பதில் எதை முதலில் வாங்கி வைப்பது என்று யோசிக்க வேண்டும். செயின், பேரிங், பேட், பிளக் எதற்கும் அவசரமில்லை, அவை எப்போதும் வெளியே கிடைக்கும். கார்புரேட்டர் டயாஃப்ரம், கேம் செயின் டென்ஷனர், எஞ்சின் கவர் கேஸ்கெட், கியர் ஷிஃப்ட் ஃபோர்க், அந்த மாடலுக்கே உரிய ஸ்விட்சுகள் ஆகியவற்றை எல்லா மாடலுக்கும் யாரும் நகல் எடுத்துச் செய்துகொண்டிருக்க மாட்டார்கள். பாகப் பட்டியலில் எண் இருக்கும்போதே அவற்றை ஆர்டர் கொடுத்துவிடுவது நல்லது. ரப்பர் சீல்களை மட்டும் ஒரு செட்டுக்கு மேல் சேர்த்து வைக்க வேண்டாம். அவை பெட்டிக்குள்ளேயே கடினமாகிவிடும்.